கல்லூரிப் படிவங்களில் இனவினா: அமெரிக்க வகைப்பாட்டில் இந்தியத் துணைக்கண்டத்தார்

முன்னுரை

கல்லூரி விண்ணப்பப் படிவத்தில் இனம் குறித்துக் கேட்கப்படும் வினா, பிறந்த நாளைப் போன்றதொரு எளிய விவரம் அன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவ்வினாவுக்குரிய விடைக் கட்டங்கள் நிருவாகத் தேவையால் வரையப்பட்டவை, பலமுறை மாற்றப்பட்டவை. இந்தியத் துணைக்கண்டத்தாரின் இடம் மாறிய வரலாற்றின்வழி இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

வகைப்பாட்டின் தோற்றம்

1923இல் பகத்சிங் திந்து வழக்கில், இந்தியர் 'வெள்ளையர்' அல்லர் எனக் கூறி உச்சநீதிமன்றம் அவருக்குக் குடியுரிமையை மறுத்தது. ஆயினும் 1970ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியரை வெள்ளையராகவே எண்ணியது.

இதனிடையே 1964ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைகள் சட்டம், கூட்டரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்தது. பாகுபாட்டைக் கண்டறிய இனவாரியான கணக்கு வேண்டியிருந்தது. கல்வி தொடர்பான கூட்டரசுத் துறைகளின் குழு 1975இல் முன்வைத்த பொது வரையறைகளிலும் துணைக்கண்டத்தார் வெள்ளையர் வகையிலேயே இருந்தனர். அமெரிக்காவாழ் இந்தியர் அமைப்புகளுள் கருத்து வேறுபாடு நிலவிய போதிலும், பாகுபாட்டிலிருந்து பாதுகாப்புப் பெறத் தனி அடையாளம் தேவை எனச் சில அமைப்புகள் வலியுறுத்தின. 1977 மே மாதம் வெளிவந்த 15ஆம் எண் புள்ளியியல் நெறிமுறை அவர்களை 'ஆசியர் அல்லது பசிபிக் தீவினர்' வகையில் சேர்த்தது. இவ்வகைகள் அறிவியல் அல்லது மானிடவியல் சார்ந்தவை அல்ல என்று அந்நெறிமுறையே தெளிவுபடுத்தியது.

எண்ணலும் தேர்தலும்

படிவத்தின் வினா இரு பணிகளைச் செய்தது: ஒன்று எண்ணல், மற்றொன்று தேர்தல். 1978ஆம் ஆண்டு பாக்கி வழக்கில், 100 இடங்களுள் 16ஐ ஒதுக்கிய மருத்துவக் கல்லூரியின் முறை நீக்கப்பட்டது. எனினும் சேர்க்கையில் இனத்தை ஒரு கூறாகக் கருதலாம் என ஏற்கப்பட்டது. 2023 ஜூன் 29ஆம் நாள் ஹார்வர்டு வழக்கின் தீர்ப்பு அவ்வழக்கத்தை முடிவுக்குக் கொணர்ந்தது. ஆனால் எண்ணல் நிற்கவில்லை. கல்லூரிகள் கல்வித்துறைக்கு இனவாரிக் கணக்கை இன்றும் அளிக்கின்றன.

அக்கணக்கின் வரம்புகள் கருதத்தக்கவை. சென்னையிலிருந்து மாணவர் நுழைவிசைவில் செல்லும் தமிழர், எவ்வினக் கட்டத்திலும் சேராது 'அயல்நாட்டு மாணவர்' என்றே அறிக்கையில் எண்ணப்படுகிறார். அங்கேயே குடிமகளாகப் பிறந்த தமிழ்ப்பெண் 'ஆசியர்' ஆகிறார். ஹிஸ்பானியர் அல்லாத மாணவர் இரண்டு இனங்களைக் குறித்தால், அவை எவை என்பது மறைந்து, 'இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனங்கள்' என்னும் ஒரே தொகையில் அவர் அடங்குகிறார்.

முடிவுரை

1923இல் வெள்ளையர் அல்லாதார், 1970இல் வெள்ளையர், 1977இல் ஆசியர் என மாறியது கட்டமேயன்றி மக்கள் அல்லர். 2024 மார்ச்சில் நெறிமுறை மீண்டும் திருத்தப்பட்டு, மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க வம்சாவளியினர் வெள்ளையர் வகையிலிருந்து தனியே பிரிக்கப்பட்டனர். எனவே, வெவ்வேறு ஆண்டுகளின் சேர்க்கை அட்டவணைகளை ஒப்பிடும் ஆய்வாளர், எண்களுக்கு முன் அவற்றின் வரையறைகளை ஒப்பிட வேண்டும். வினாவை நீக்கினால் பாகுபாட்டுக்கான சான்று மறையும். வைத்திருந்தால் எல்லைகளை யாரேனும் வரைந்தாக வேண்டும். அவ்வெல்லைகள் எப்பொழுது, எதன்பொருட்டு வரையப்பட்டன என்பதை அறியாமல் அவ்வெண்களிலிருந்து முடிவு காண இயலாது.