சார்பு என்னுஞ் சொல்

உயிரின் சிறப்பியல்பைச் சித்தாந்த நூலோர் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்பர். உயிர் எதனைச் சார்கின்றதோ அதன் தன்மையே தன் தன்மையாய் நிற்குமென்பது இதன் பொருள். இங்ஙனம் எதனையும் பற்றும் இயல்பு உயிர்க்குக் குற்றமாமோ, அன்றி உய்திக்கு வாயிலாமோ? சார்பு என்னுஞ் சொல் வழங்கிய வரலாற்றை நோக்குவார்க்கு இதன் விடை இனிது விளங்கும்.

முதற்கண் இலக்கண வழக்கை நோக்குவாம். குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என்னும் மூன்றும் பிறவெழுத்துக்களைச் சார்ந்து வருவன என்றார் தொல்காப்பியனார். சார்பெழுத்தைப் பத்துவகைப்படுத்தினார் நன்னூலார். தனித்து நிற்கமாட்டாமை பற்றி இவை எழுத்தல்லவென ஒருவருங் கழித்திலர். ஆகலின், சார்ந்து நிற்றல் இன்மையுமன்று, இழிவுமன்று என்பது பெறப்படும்.

அடுத்துத் திருவள்ளுவர் மெய்யுணர்தல் அதிகாரத்து ஒரு குறளிலேயே இச்சொல்லை இருமுறை ஆண்டார். முன்னையது எல்லாவற்றிற்குஞ் சார்பாய மெய்ப்பொருள் எனவும், பின்னையது பற்று எனவும் உரைகண்டார் பரிமேலழகர். உணரத்தக்க பொருளுக்கும் ஒழிக்கத்தக்க பற்றுக்கும் ஒரு சொல்லே அமைந்தமை சிந்திக்கற்பாலது. சொல் ஒன்றே, சாரப்படும் பொருளே வேறு.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து ஏழாஞ் சூத்திரத்தில், உயிர் சத்துமன்று, அசத்துமன்று, இரண்டனையும் அறியும் சதசத்து என நிறுவினார். 1313ஆம் ஆண்டிற் சங்கற்பநிராகரணம் இயற்றிய உமாபதிசிவனார், திருவருட்பயனில், இருளில் இருளாயும் ஒளியில் ஒளியாயும் நிற்கும் பொருள்கள் உலகில் உளவென்பதை எடுத்துக்காட்டினார். கண் அத்தகையது. இருளிற் கண் கெட்டொழிந்ததன்று. ஒளி வந்துழிக் காண்பதும் அக்கண்ணே. மலத்தைச் சார்ந்து மலமாய் நின்ற உயிரே அருளைச் சார்ந்து சிவமாந்தன்மை எய்தும். சாரும் இயல்பு இல்லையாயின் கட்டும் இல்லை; வீடும் இல்லை.

இவ்விரு துறையும் ஒருங்கே கைவந்தவர், காவிரி நாட்டுத் திருவாவடுதுறை ஆதீனத்து மாதவச் சிவஞானயோகிகள். 1785ஆம் ஆண்டிற் சிவப்பேறெய்திய இவர், தொல்காப்பிய முதற்சூத்திர விருத்தி வரைந்தும், நன்னூல் விருத்தியுரையைத் திருத்தியும், சிவஞானபோதத்திற்கு மாபாடியம் அருளினார். உயிர் சார்ந்த பொருளேயாய் நிற்றலை ‘அதுவதுவாதல்’ என்னுந் தொடரால் விளக்குவர். அதுவாய் நிற்பினும் உயிர் தன்னுண்மை இழப்பதன்று என்பதே ஈண்டு உளங்கொளற்பாலது.

கும்பகோணத்தைச் சூழ்ந்த வெற்றிலைக் கொடிக்கால்களைக் கண்டார்க்கு இஃது எளிதிற் புலனாம். வெற்றிலைக்கொடி தானே நிமிர்ந்து நிற்கமாட்டாது. தரையிற் கிடப்பின் சேறு படியும். அகத்தியைப் பற்றின் மேலோங்கித் தழைக்கும். அகத்தியிற் படர்ந்த கொடி அகத்தி ஆகிவிடுவதன்று. கொடியின் பற்றுந்தன்மையைக் களைய எந்த உழவனும் எண்ணான். நல்ல கொம்பை அருகே நாட்டுதலே அவன் தொழில்.

ஆயின், நற்சார்பு எய்தியபின் அச்சம் இன்றோவெனின், உண்டு. வேம்பு தின்று பழகிய புழு மீட்டும் வேம்பையே நோக்குமாறுபோல, ஞானம் விளங்கியபின்னும் உயிர் பழஞ்சார்பை நோக்குமென ஒன்பதாஞ் சூத்திரத்து விளக்கினார் மெய்கண்டதேவர். அதனை நீக்குதற்கே திருவைந்தெழுத்தை விதிப்படி ஓதுக என்றார். பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் அன்பரோடு கூடுதலையும், அவர்தந் திருவேடத்தையும் சிவாலயத்தையும் வழிபடுதலையும் விதித்ததும் இக்கருத்தினாலேயாம்.

எனவே, எளிதிற் பற்றும் நம்மியல்பை நொந்து கையறவு கொள்ளல் வேண்டா. மலம் நம்மை வயப்படுத்திய அவ்வாயிலே திருவருளும் புகும் வாயிலாம். நாடோறும் யாம் எண்ணற்பாலது, இன்று எதனைச் சார்ந்து நின்றோம் என்பதொன்றே.