இன்மையைத் தேடிய முக்கால் நூற்றாண்டு: புற்றைத் தடுக்கும் மரபணுக்களின் ஆராய்ச்சி வரலாறு

அபாவமும் ஓர் அளவையாகுமா, அதாவது ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்பதைக் கொண்டே ஓர் உண்மையைத் துணியலாமா என்னும் வினா நம் தருக்க நூலாருக்குப் புதியதன்று; பிற்கால வைசேடிகர் இன்மையைப் பதார்த்தங்களுள் ஒன்றாகவே எண்ணினர், சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியிலும் அதற்கு இடமுண்டு. இருபதாம் நூற்றாண்டின் புற்றுநோய் ஆராய்ச்சியை வரலாற்று முறையில் நோக்குவோர்க்கு அவ்வினாவே வேறு கோலம் பூண்டு ஆய்வுக்கூடத்துள் புகுந்ததோ என்று தோன்றும். உயிரணுவின் கட்டற்ற பெருக்கத்துக்குக் காரணம் புதிதாக வந்து சேர்ந்த ஒன்றா, அன்றி இருந்து காத்த ஒன்று இல்லாமற் போனதா என்பதே அங்கு எழுந்த விவகாரம். முதற்கட்சி ஆய்வாளர் மனத்தை எளிதிற் கவர்ந்தது. இரண்டாங்கட்சி வேரூன்ற முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

இவ்விரண்டாங்கட்சியை விரிவாக எழுதிவைத்தவர் புற்றுநோய் மருத்துவரல்லர் என்பது கருதத்தக்கது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து விலங்கியற் பேராசிரியர் தியோடர் போவேரி, ஒரே சினை இரண்டு விந்தணுக்களால் கருவுற்ற கடல் முள்ளெலிகளில் குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்படுவதையும், அப்பங்கீட்டுக்கேற்ப உயிரணுக்கள் வெவ்வேறு விதமாகக் கெடுவதையும் பல்லாண்டு கண்டு, அக்காட்சியினின்று அனுமானித்து, 1914இல் கொடிய கட்டிகளின் தோற்றம் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். உயிரணுப் பிரிவைத் தடுத்து நிறுத்தும் குரோமோசோம்கள் உண்டென்றும், அவை தொலைந்துபோயின் பிரிவு ஓயாதென்றும் அதில் ஊகித்தார். அடுத்த ஆண்டே அவர் காலமானார். அவர் மனைவி மார்செல்லா அந்நூலை 1929இல் ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தார். பெயர்த்தும் பயன் அதிகமில்லை. மனிதனின் குரோமோசோம்கள் 46 என்று திட்டமாக எண்ணப்பட்டதே 1956இல்தான். மொத்த எண்ணிக்கையே தெரியாத காலத்தில் அவற்றுள் ஒன்று தொலைந்ததை எவர் எடுத்துக்காட்டவியலும்?

மற்றைக் கட்சிக்கோ பிரத்தியட்சச் சான்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குவிந்தன. 1911இல் நியூயார்க்கில் பெய்டன் ரௌஸ், கோழியின் கட்டியை அரைத்து வடிகட்டிய சாற்றைக் கொண்டு வேறு கோழிகளுக்குக் கட்டியை உண்டாக்கினார். அச்சாற்றிலிருந்த வைரஸ் சுமந்த புற்று மரபணு, கோழியின் சொந்த மரபணு ஒன்றின் திரிந்த பிரதியே என்பதை 1976இல் பிஷப், வார்மஸ் ஆகியோரின் குழுவினர் காட்டினர். 1982இல் மனிதனின் சிறுநீர்ப்பைப் புற்றில் ராஸ் என்னும் மரபணுவின் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தமை வெளியாயிற்று. இடையே 1969இல் ஆக்ஸ்போர்டின் ஹென்றி ஹாரிஸும் ஸ்டாக்ஹோமின் ஜார்ஜ் க்ளைனும் எலியின் புற்று உயிரணுவை நல்ல உயிரணுவோடு இணைத்து, இணைந்த கலப்புயிரணுவில் புற்றுத்தன்மை அடங்குவதையும், பின்னர்க் குரோமோசோம்கள் உதிர உதிர அது மீளுவதையும் கண்டறிந்திருந்தனர். புற்று என்பது ஒரு குறைவே என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் புற்று மரபணு வேட்டையின் ஆரவாரத்தில் அது பலர் செவியில் ஏறவில்லை.

நியாயம் கிடைத்தது குழந்தைகளின் கண்ணோயொன்றால். விழித்திரைப் புற்று அரிதானது, ஏறத்தாழ 20,000 பிறப்புக்கு ஒன்று. குழந்தையின் கண்மணியில் பூனைக் கண்போல் வெள்ளொளி தோன்றுவதே பெரும்பாலும் அதன் முதற்குறி. 1872இல் ரியோ டி ஜெனீரோ நகரக் கண் மருத்துவர் இலாரியோ டி கௌவேயா ஒரு சிறுவனின் நோயுற்ற கண்ணை அகற்றி உயிர் காத்தார். அவன் வளர்ந்து மணந்து பெற்ற மக்களுள் இருவருக்கு அதே நோய் வந்தது. ஆயினும் பெரும்பாலான குழந்தைகளின் குடும்பத்தில் அந்நோயின் சுவடே இருப்பதில்லை. ஒரே நோய் சிலரிடம் பரம்பரையாகவும் பலரிடம் தற்செயலாகவும் வருவானேன்? ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் 1944 முதல் 1969 வரை பதிவான 48 குழந்தைகளின் குறிப்புகளை ஆல்ஃபிரட் நட்சன் என்னும் குழந்தை மருத்துவர் எடுத்துவைத்துக்கொண்டு, நுண்ணோக்கியைத் தொடாமல், நோய் எவ்வயதில் புலப்பட்டது, ஒரு கண்ணிலா இரு கண்ணிலா என்பவற்றை மட்டும் கணக்கிட்டார். இரு கண்ணிலும் நோயுற்ற 23 பேரிடம், நோய் இன்னும் வெளிப்படாதோரின் விகிதம் மடக்கை வரைதாளில் நேர்கோடாக இறங்கிற்று. ஒரே ஒரு தற்செயல் நிகழ்ச்சி போதுமாயின் அப்படித்தான் இறங்கவேண்டும். ஒரு கண்ணில் மட்டும் நோயுற்ற 25 பேரிடமோ கோடு தொடக்கத்தில் தயங்கிப் பின்னரே வளைந்து இறங்கிற்று. இரண்டு நிகழ்ச்சிகள் கூடவேண்டும் என்பதற்கு அது அடையாளம்.

1971இல் அவர் வெளியிட்ட முடிபு இதுதான்: பரம்பரையால் நோய் பெறும் குழந்தை முதல் அடியை உடல் முழுதும் தாங்கியே பிறக்கிறது, இரண்டாவது அடி ஏதேனும் ஒரு விழித்திரை உயிரணுவில் விழுந்தாற் போதும், ஏனையோர்க்கு இரண்டு அடியும் ஒரே உயிரணுவின்மீது விழவேண்டும். முதல் அடியுடன் பிறந்தோர்க்குச் சராசரி மூன்று கட்டிகள் தோன்றுவதையும், அவர்களிலும் ஒரு சிலர் அறவே தப்பிவிடுவதையும் இக்கணக்கு ஒருசேர விளக்கிற்று. இரண்டு அடியும் தாய்வழி, தந்தைவழி வந்த ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகளின்மீதே விழுகின்றன என்பதை 1973இல் டேவிட் கமிங்ஸ் வெளிப்படையாக எழுதினார். அஃதாவது, ஒரு காவலன் விழுந்தாலும் மற்றொருவன் நிற்கிறான். இருவரும் விழுந்தாலன்றிக் கோட்டை வீழ்வதில்லை.

கணக்கால் ஊகித்ததைக் கண்ணாற் காண மேலும் ஒரு வியாழவட்டம் சென்றது. 1983இல் கேவனி, வைட் முதலியோர் ஒரே நோயாளியின் இரத்தத்தையும் கட்டியையும் ஒப்பிட்டு, இரத்தத்தில் இருவகையாக இருந்த 13ஆம் குரோமோசோமின் குறிகள் கட்டியில் ஒருவகையாகிவிட்டதைக் காட்டினர். நல்ல பிரதி தொலைந்துவிட்டது என்பது இதன் பொருள். பின்னர்ப் பாஸ்டனில் தாடியஸ் ட்ரைஜா அக்குரோமோசோமின் துணுக்குகளை ஒவ்வொன்றாகக் கட்டிகளில் தேடி, சில கட்டிகளில் அடியோடு காணப்படாத ஒரு துணுக்கைப் பிடித்தார்; அதைத் தடமாகக் கொண்டு ஸ்டீபன் ஃப்ரெண்டும் ராபர்ட் வைன்பெர்க்கும் அவரோடு சேர்ந்து 1986இல் ஆர்பி மரபணுவைக் கைப்பற்றினர். இல்லாத இடத்தைக் கொண்டே இருக்கவேண்டிய பொருள் இன்னதென்று அறியப்பட்டது! இது உருவாக்கும் புரதம், பிரிவைத் தூண்டும் காரணிகளைப் பற்றிப் பிடித்து நிறுத்துகிறது. கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான பாப்பிலோமா வைரஸின் ஈ7 புரதம் இதையே சென்று பற்றி முடக்குகிறது என்பது 1989இல் தெரிந்தது. மரபணு பிறழாமலே அதன் காரியம் மட்டும் கெடும் வழியும் உண்டென்பது இதனாற் புலனாயிற்று.

பி53இன் சரித்திரம் இன்னும் விசித்திரமானது. 1979இல் டேவிட் லேன், ஆர்னால்ட் லெவின் முதலியோர் தனித்தனியே கண்ட இப்புரதம் பத்தாண்டுக் காலம் புற்றை வளர்ப்பதென்றே எண்ணப்பட்டது. ஏனெனில் ஆய்வுக்கூடங்கள் நல்ல மரபணுவென்று நம்பிக் கையாண்ட பிரதிகளுட் பல ஏற்கெனவே பிறழ்ந்தவை. திருடனைக் காவலனென்று மயங்குவதுண்டு. இங்கே காவலனைத் திருடனென்று கருதிவிட்டனர். 1989இல் பால்டிமோரில் பெர்ட் வோகல்ஸ்டைன் குழுவினர், பெருங்குடற் கட்டிகளில் 17ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி தொலைந்திருப்பதையும், எஞ்சிய பி53 பிறழ்ந்திருப்பதையும் கண்டனர். லெவின் குழுவினர் நல்ல பி53 புற்றை அடக்குவதைக் காட்டினர். இன்று மனிதப் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியில் இம்மரபணு பிறழ்ந்திருப்பது அறியப்பட்டுள்ளது. ஆனால் நட்சனின் விதி இங்கே சற்றே நெகிழ்கிறது: இப்புரதம் நான்கு நான்காகக் கூடியே தொழில் செய்வதாதலின், பிறழ்ந்த ஒன்று கலந்தாலும் கூட்டம் முழுதும் கெடலாம்.

பிறழ்வின் இடம் அதன் கர்த்தாவையும் காட்டிக்கொடுப்பதுண்டு. பூசணம் பிடித்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் தோன்றும் அஃப்லடாக்சின் நஞ்சு மிகுந்த சீனாவின் சிடோங் பகுதியிலும் தென்னாப்பிரிக்கப் பகுதிகளிலும், ஈரற்புற்று உயிரணுக்களில் பி53இன் 249ஆம் குறியிடம் திரும்பத் திரும்ப ஒரே விதமாக மாறியிருப்பதை 1991இல் இரு குழுவினர் கண்டனர். புகையிலைப் புகையிலுள்ள பென்சோபைரீன், நுரையீரற் புற்றில் அடிக்கடி பிறழும் குறியிடங்களிலேயே ஒட்டுகிறதென்பது 1996இல் நிறுவப்பட்டது.

சிகிச்சையில் மட்டும் இன்மை நெடுங்காலம் இடர்ப்படுத்திற்று. மிகையான பொருளை மருந்தால் தடுக்கலாம், இல்லாததைத் தடுப்பதெங்ஙனம்? மேரி-கிளேர் கிங் 1990இல் 17ஆம் குரோமோசோமில் இடம் சுட்டி, 1994இல் பிரித்தெடுக்கப்பட்ட பிஆர்சிஏ-1 மரபணு ஒரு வழி காட்டிற்று. டி.என்.ஏ. முறிவைச் செப்பனிடுவது அதன் தொழில். மார்பகப் புற்றிலும் சூற்பைப் புற்றிலும் அதன் இரண்டு பிரதிகளும் கெட்ட உயிரணு, பார்ப் என்னும் நொதியின் செப்பனிடும் வழியையே நம்பிப் பிழைக்கிறது. அவ்வழியையும் அடைத்தால் அவ்வுயிரணு மாளும், ஒரு நல்ல பிரதியையேனும் உடைய அண்டை உயிரணுக்கள் தாங்கிக்கொள்ளும் என்று 2005இல் இரு ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் காட்டின. அவ்வழியில் பிறந்த ஒலாபரிப் என்னும் மருந்து, 2014இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சூற்பைப் புற்றுக்கு அனுமதி பெற்றது.