குண்டப்பா விஸ்வநாத்

குண்டப்பா ரங்கநாத் விஸ்வநாத் (பிறப்பு: 12 பிப்ரவரி 1949) இந்தியக் கிரிக்கெட்டின் தலைசிறந்த மட்டையாளர்களுள் ஒருவர். 1969 முதல் 1983 வரை 91 டெஸ்ட் ஆட்டங்களில் 14 சதங்களுடன் 6,080 ரன் குவித்தார், சராசரி 41.93. ரசிகர்களுக்கு அவர் ‘விஷி’. வெறும் எண்ணிக்கையில் பின்னால் வந்த பலர் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஆனால் அவர் சதமடித்த 14 டெஸ்டுகளில் ஒன்றில்கூட இந்தியா தோற்றதில்லை. எந்த ஆடுகளத்தில், யாருடைய பந்துவீச்சில், அணி எத்தனை விக்கெட்டை இழந்து நின்றபோது அந்த ரன்கள் வந்தன என்று பார்த்தால்தான் விஸ்வநாத்தின் அருமை தெரியும்.

பிறந்தது அன்றைய மைசூர் மாநிலத்தின் இரும்பாலை ஊரான பத்ராவதியில்; வளர்ந்தது பெங்களூரில். ஐந்தடியைச் சற்றே தாண்டிய உயரம். பள்ளி நாட்களில் மைசூர் மாநிலப் பள்ளிகள் அணித் தேர்வில், ஆள் மிகவும் சிறியவன் என்றே ஒதுக்கப்பட்டார். 1967 நவம்பரில் விஜயவாடாவில் ஆந்திராவுக்கு எதிராக மைசூர் அணியில் முதன்முதலாக ரஞ்சிக் கோப்பை ஆடியபோது அவருக்கு 18 வயது. அந்த முதல் ஆட்டத்திலேயே 230 ரன் எடுத்தார். அதற்குப் பிறகு உயரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த இரண்டாண்டில் டெஸ்ட் வாய்ப்பு வந்தது. 1969 நவம்பர், கான்பூர். எதிரே பில் லாரியின் ஆஸ்திரேலிய அணி. முதல் இன்னிங்ஸில் ரன் எதுவும் எடுக்காமல் வெளியேறினார். கவலைப்படாதே, அடுத்த இன்னிங்ஸில் சதம் அடிப்பாய் என்று அணித்தலைவர் பட்டோடி அவரைத் தேற்றியனுப்பியதை விஸ்வநாத் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். இரண்டாவது இன்னிங்ஸில் அவர் எடுத்தது 137. அதில் 25 பவுண்டரிகள். அதாவது நூறு ரன் எல்லைக்கோட்டைத் தொட்ட அடிகளாலேயே வந்தது.

அந்தச் சதம் மகிழ்ச்சியோடு ஓர் அச்சத்தையும் கொண்டுவந்தது. அதுவரை முதல் டெஸ்டிலேயே சதமடித்த இந்தியர் ஐவர்: லாலா அமர்நாத், தீபக் ஷோதன், சென்னையின் ஏ.ஜி. கிருபாள் சிங், அப்பாஸ் அலி பெய்க், ஹனுமந்த் சிங். இந்த ஐவரில் எவரும் இன்னொரு டெஸ்ட் சதம் அடித்ததில்லை. விஸ்வநாத்துக்கும் அந்தத் தோஷம் தொற்றிக்கொண்டதோ என்று பேசும்படி மூன்றாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1971-ல் மேற்கிந்தியத் தீவுகள் சுற்றுப்பயணத்தில் முழங்கால் காயத்தால் முதல் இரு டெஸ்டுகளை இழந்தார். அதே ஆண்டு ஓவலில் இங்கிலாந்து மண்ணில் இந்தியா முதல் வெற்றி பெற்றபோது இரண்டாவது இன்னிங்ஸில் பொறுமையாக 33 ரன் எடுத்து அணியை இலக்கின் விளிம்புவரை கொண்டுவந்து சேர்த்தார். சதம் மட்டும் வரவில்லை. 1973 பிப்ரவரியில் பம்பாய் பிரபோர்ன் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 113 எடுத்தபோதுதான் அந்தப் பேச்சு நின்றது. சதத்தை எட்டியதும், எதிரணியின் நெட்டை மனிதர் டோனி கிரெய்க் ஓடிவந்து அவரைக் கைக்குழந்தையைப் போல இரு கைகளிலும் ஏந்தித் தாலாட்டினார். அந்தக் காலத்து இந்தியக் கிரிக்கெட் படங்களில் இன்றும் முகத்தில் சிரிப்பை வரவழைக்கும் படம் அது.

அவருடைய ஆட்டத்தின் உயிர் மணிக்கட்டில் இருந்தது. ஸ்கொயர் கட் என்றால் அளவு குறைந்து, ஆஃப் ஸ்டம்புக்கு நன்றாக வெளியே விழும் பந்துக்கு உரியது என்பது பொது விதி. விஸ்வநாத் அதை உடம்பை ஒட்டி வரும் பந்துக்கும், அவ்வளவாக அளவு குறையாத பந்துக்கும் ஆடினார். பந்து தன்னைக் கடந்துபோகும் அளவுக்குக் காத்திருப்பார். பிறகு மட்டை மேலிருந்து இறங்கும், மணிக்கட்டு கடைசி நொடியில் உருளும், பந்து தரையோடு பாயிண்டைத் தாண்டியிருக்கும். களத்தடுப்பாளரை இடது பக்கம் நகர்த்தினால் அவருக்கு வலது பக்கம், வலப்பக்கம் நகர்த்தினால் இடது பக்கம். இந்த அடியில் ஆபத்தும் உண்டு. நூலிழை தவறினால் பந்து ஸ்லிப்பில் இருப்பவர் கைக்குப் போகும், பலமுறை போயிருக்கிறது. நன்றாக ஆடத் தொடங்கி முப்பது, நாற்பதில் வெளியேறுகிறார் என்ற குறை அவர்மீது எப்போதும் இருந்தது. அது நியாயமான குறைதான். தன் விக்கெட்டுக்குக் கவாஸ்கர் வைத்த விலையை விஸ்வநாத் தன் விக்கெட்டுக்கு வைத்திருந்தால் சராசரி ஐம்பதை நெருங்கியிருக்கும். ஆனால் அந்தக் கட்டைப் பார்க்கவென்றே சீட்டு வாங்கியவர்கள் அதை விரும்பியிருக்க மாட்டார்கள்.

சென்னைவாசிகளுக்கு விஸ்வநாத் என்றால் 1975 ஜனவரி. பொங்கலையொட்டிச் சேப்பாக்கத்தில் நடந்த நான்காவது டெஸ்ட். கிளைவ் லாயிடின் மேற்கிந்தியத் தீவுகள் அணி தொடரில் முதல் இரண்டு டெஸ்டுகளை வென்றிருந்தது. கல்கத்தாவில் விஸ்வநாத்தின் 139 துணையோடு இந்தியா ஒன்றை மீட்டிருந்தது. காயத்தால் கவாஸ்கர் இல்லை. ஆன்டி ராபர்ட்ஸ் அன்று வீசிய வேகத்தை அந்த ஆடுகளம் தாராளமாகத் தூக்கிக் கொடுத்தது. 76 ரன்னுக்கு ஆறு விக்கெட். பிறகு 117-க்கு எட்டு. மறுமுனையில் மிஞ்சியிருந்தவர்கள் பேடியும் சந்திரசேகரும். மட்டை பிடிக்கத் தெரியாதவர்கள் என்று உலகமே அறிந்த இருவர்.

அங்கிருந்துதான் அந்த இன்னிங்ஸ் வேறு உயரத்துக்குப் போனது. எட்டு விக்கெட் விழுந்த பின் மற்ற மட்டையாளர் கண்ணை மூடிக்கொண்டு வீசுவார்கள். விஸ்வநாத் அப்படிச் செய்யவில்லை. ராபர்ட்ஸின் ஓவர்களைப் பெரும்பாலும் தானே எதிர்கொண்டார். அளவு குறைந்ததைக் கட் செய்தார், காலில் விழுந்ததை மணிக்கட்டால் திருப்பினார், பேடியை வைத்துக்கொண்டு 52 ரன் சேர்த்தார். சந்திரசேகர் வந்த பின்னும் 21 ரன் வந்தது. கடைசியில் ராபர்ட்ஸின் பந்தில் சந்திரா லாயிடிடம் பிடி கொடுத்தபோது இந்தியா 190. ராபர்ட்ஸுக்கு 64 ரன்னுக்கு ஏழு விக்கெட். விஸ்வநாத் 97, ஆட்டமிழக்கவில்லை. சதத்துக்கு மூன்று ரன் குறைவு. 2001-ல் விஸ்டன் வெளியிட்ட டெஸ்ட் வரலாற்றின் சிறந்த நூறு இன்னிங்ஸ் பட்டியலில் இந்த 97 இடம்பெற்றது. அணியின் பாதிக்கு மேற்பட்ட ரன்னை ஒருவரே அடித்ததால்தான் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கிடைத்த முன்னிலை இரண்டே ரன்னில் நின்றது. இரண்டாவது இன்னிங்ஸில் அன்ஷுமன் கெய்க்வாட் 80, விஸ்வநாத் 46. சுழற்பந்து வீச்சாளர்கள் மிச்சத்தை முடித்தார்கள். வெற்றி 100 ரன்னில். ஐந்தாவது டெஸ்டில் தோற்று இந்தியா தொடரை இழந்தாலும், அந்தத் தொடரில் அவர் எடுத்த 568 ரன் இந்திய மட்டைவீச்சின் மானத்தைக் காத்தது.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நான்காவது இன்னிங்ஸ் இலக்கு 403. அதற்கு முன் நானூறைத் துரத்திப் பிடித்த அணி, 1948-ல் லீட்ஸில் ஆடிய பிராட்மனின் ஆஸ்திரேலியா ஒன்றுதான். கவாஸ்கர் 102, மொஹிந்தர் அமர்நாத் 85, விஸ்வநாத் ரன் அவுட் ஆகும் முன் 112. இந்தியா ஆறு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. சுழலைக் கொண்டு இந்தியர்களை வீழ்த்த முடியாது என்ற முடிவுக்கு லாயிட் வந்தது அன்றுதான். அதன் பிறகு அவர் கட்டிய வேகப்பந்துப் படை ஏறக்குறைய இருபதாண்டுகள் உலகத்தை ஆண்டது.

உள்நாட்டிலும் ஒரு கோட்டை சரிந்தது. 1958-59 முதல் தொடர்ந்து 15 ஆண்டுகள் ரஞ்சிக் கோப்பையை வைத்திருந்த பம்பாயை, 1974-ல் பெங்களூரில் நடந்த அரையிறுதியில் பிரசன்னா தலைமையிலான கர்நாடகம் வெளியேற்றியது. விஸ்வநாத் 162, பிரிஜேஷ் படேல் 106. பிறகு ஜெய்ப்பூர் இறுதியில் ராஜஸ்தானை வென்று கோப்பையை முதல் முறையாகப் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். தென்னிந்தியாவின் மற்ற அணிகளுக்கும் அது நம்பிக்கை தந்த வெற்றி.

1978-ல் பைசலாபாத்தில் 145 எடுத்து, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, மேற்கிந்தியத் தீவுகள், நியூஸிலாந்து, பாகிஸ்தான் ஆகிய ஐந்து அணிகளுக்கு எதிராகவும் சதம் கண்டவரானார். 1979 ஜனவரியில் மீண்டும் சேப்பாக்கம். மேற்கிந்தியத் தீவுகளின் சில்வெஸ்டர் கிளார்க்கும் நார்பர்ட் பிலிப்பும் எகிறவைத்த ஆடுகளத்தில் இந்தியாவின் 255-ல் 124 அவருடையது. ஆறு டெஸ்டுகள் கொண்ட அந்தத் தொடரில் முடிவு கிடைத்த ஒரே ஆட்டம் அதுதான். இந்தியா மூன்று விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அதே ஆண்டு லார்ட்ஸில் முதல் இன்னிங்ஸில் 96 ரன்னுக்குச் சுருண்ட அணியை வெங்சர்க்காரோடு சேர்ந்து தோல்வியிலிருந்து மீட்டார். அவர் 113, வெங்சர்க்கார் 103.

இந்திய அணிக்கு அவர் தலைமை தாங்கியது இரண்டே டெஸ்டுகளில். இரண்டாவது, 1980 பிப்ரவரியில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழாவுக்காகப் பம்பாயில் இங்கிலாந்தோடு நடந்த ஒற்றை டெஸ்ட். முழுச் சூரிய கிரகணத்துக்காக இரண்டாம் நாளை ஓய்வு நாளாக்கிய ஆட்டம் அது. இந்தியாவின் 242-க்குப் பதில் ஆடிய இங்கிலாந்து 58 ரன்னுக்கு ஐந்து விக்கெட்டை இழந்திருந்தது. விக்கெட் கீப்பர் பாப் டெய்லர் பின்னால் பிடிபட்டதாக நடுவர் ஹனுமந்த ராவ் கையை உயர்த்தினார். டெய்லர் தயங்கி நின்றார். ஸ்லிப்பில் நின்றிருந்த விஸ்வநாத்துக்குப் பந்து மட்டையில் படவில்லை என்று தெரியும். நடுவரிடம் சென்று முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு டெய்லரை மறுபடி ஆட அழைத்தார். டெய்லர் 43 எடுத்தார். போத்தமோடு சேர்ந்து 171 ரன். போத்தம் 114 அடித்து, இரு இன்னிங்ஸிலும் சேர்த்து 13 விக்கெட்டும் எடுத்தார். இங்கிலாந்து பத்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

அந்தப் பெருந்தன்மையால் ஆட்டம் போயிற்று என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். விஸ்வநாத் ஒருபோதும் வருந்தியதில்லை. அவர் செய்தது சரி என்றே இந்தக் கட்டுரையாளரும் கருதுகிறார். ஆடாத பந்துக்கு ஒருவரை வெளியே அனுப்பிக் கிடைக்கும் விக்கெட்டை விக்கெட்டென்று எண்ணாதவர், அணித்தலைவர் என்ற பதவி வந்ததும் அந்த எண்ணத்தைக் கழற்றி வைத்திருந்தால்தான் தவறு.

1981 பிப்ரவரி மெல்பர்ன் டெஸ்டுக்கு முன் அவர் இடமே ஆட்டங்கண்டிருந்தது. தொடரின் முதல் இரு டெஸ்டுகளில் அரைச்சதம்கூட இல்லை. அங்கே லில்லியை எதிர்த்து அணியின் 237-ல் 114 எடுத்தார். நடுவரின் தீர்ப்பால் கொதித்த கவாஸ்கர் இரண்டாவது இன்னிங்ஸில் சௌகானையும் இழுத்துக்கொண்டு வெளியே நடந்தது, காயத்தோடு வந்த கபில்தேவ் 28 ரன்னுக்கு ஐந்து விக்கெட் சாய்த்து ஆஸ்திரேலியாவை 83-க்குள் முடக்கியது ஆகியவையே அந்த டெஸ்டைப் பற்றிய பேச்சில் முந்திக்கொள்கின்றன. 59 ரன்னில் வென்ற ஆட்டத்தில் அந்த 114 இல்லாவிட்டால் கபிலுக்குக் காப்பாற்ற இலக்கே இருந்திருக்காது.

1982 ஜனவரி, மறுபடியும் சேப்பாக்கம், இங்கிலாந்து. இம்முறை நெருக்கடி இல்லை, நிதானம் மட்டும். யஷ்பால் சர்மாவோடு இரண்டாம் நாள் முழுவதையும் விக்கெட் விழாமல் ஆடி, 222 வரை சென்றார். கவாஸ்கர் ஓவலில் எடுத்த 221-ஐ ஒரு ரன்னால் தாண்டிய அதுவே அவருடைய உச்ச ரன். ஒருநாள் ஆட்டத்தில் அவர் பெரிதாகச் சோபிக்கவில்லை. 25 ஆட்டங்கள், 439 ரன். 1979 உலகக் கோப்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அடித்த 75 மட்டும் தனித்து நிற்கிறது.

முடிவு பாகிஸ்தானில் வந்தது. 1982-83 சுற்றுப்பயணத்தில் ஆறு டெஸ்டுகளில் 40 விக்கெட் வீழ்த்திய இம்ரான் கானின் உள்ளே திரும்பும் பந்து எல்லா இந்திய மட்டையாளர்களையும் உலுக்கியது, விஸ்வநாத்தைக் கூடுதலாக. அடுத்து வந்த மேற்கிந்தியத் தீவுகள் பயணத்துக்கு அவர் பெயர் இல்லை. சில மாதத்தில் லார்ட்ஸில் கபில்தேவ் உலகக் கோப்பையை ஏந்தியபோது அந்த அணியிலும் அவர் இல்லை. பிறகு அவருக்கு அழைப்பு வரவே இல்லை. 1971-ல் காயம் ஆறித் திரும்பியது முதல் அதுவரை காயத்தாலோ தேர்வுக் குழுவாலோ ஒரு டெஸ்டும் விட்டுப்போகாமல் தொடர்ச்சியாக 87 ஆடியவர் என்ற உலகச் சாதனையை அவர் வைத்திருந்தார். பின்னர் அதைக் கவாஸ்கர் முறியடித்தார்.

கவாஸ்கரோடு அவருக்கு உறவும் உண்டு. கவாஸ்கரின் தங்கை கவிதாவை மணந்தவர் விஸ்வநாத். கவாஸ்கர் தன் மகனுக்கு வைத்த ரோஹன் ஜெய்விஸ்வா என்ற பெயரில் ரோஹன் கன்ஹாய், ஜெய்சிம்மா, விஸ்வநாத் மூவரும் இருக்கிறார்கள். இருவரில் யார் பெரியவர் என்ற வழக்கு எழுபதுகளில் டீக்கடைதோறும் நடந்தது. மைத்துனரே தன்னைவிடச் சிறந்த மட்டையாளர் என்று கவாஸ்கர் பொதுவெளியில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஓய்வுக்குப் பின் தேசியத் தேர்வுக் குழுவின் தலைவராக இருந்தார். 1996 இங்கிலாந்து பயணத்துக்கு ராகுல் திராவிட்டையும் சௌரவ் கங்குலியையும் தேர்ந்தெடுத்தது அவர் தலைமையிலான குழு. 1999 முதல் 2004 வரை சர்வதேச ஆட்டங்களில் போட்டி நடுவராகப் பணியாற்றினார். சி.கே. நாயுடு வாழ்நாள் சாதனையாளர் விருது பெற்றவர். பத்திரிகையாளர் ஆர். கௌசிக்குடன் சேர்ந்து எழுதிய தன்வரலாறு 2022-ல் வெளிவந்தது.