விபத்து இழப்பீடு: இறுதித் தீர்வுப் படிவத்தில் எப்போது கையொப்பமிடலாம்?

சாலை விபத்தில் காயமடைந்தவரிடம் காப்பீட்டு நிறுவனம் ஒரு தொகையை அளிக்க முன்வந்து, ‘முழுமையான, இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்னும் படிவத்தில் கையொப்பம் கோரலாம். கையொப்பமிட்ட பின்னர் கூடுதல் இழப்பீடு பெறுவது மிகக் கடினம்.

ஏன் அவசரப்படக் கூடாது?

தொடை எலும்பு முறிவு கூடுவதற்குப் பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் ஆகும். தலைக்காயத்தால் ஏற்படும் இரத்தக்கசிவு சில வாரங்கள் கழித்தும் வெளிப்படலாம். உடல்நிலை நிலைபெற்ற பின்னரே நிரந்தரப் பாதிப்பின் விழுக்காட்டைக் கணிக்க இயலும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மேலும் அறுவைச் சிகிச்சை தேவைப்படுமா என மருத்துவரிடம் கேட்டறியவும்.
• காயச் சான்றிதழ், சிகிச்சைக் குறிப்புகள், ரசீதுகள் ஆகியவற்றைப் பாதுகாக்கவும்.
• காலவரம்பைத் தவறவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி விபத்து நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு அளிக்க வேண்டும். சிகிச்சை தொடரும்போதே அளிக்கலாம்.
• இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கவும்.