பொம்மை ரயிலும் நிஜத் தண்ணீரும்

பி.காம். படிக்கிறவனுக்கு பொம்மை ரயிலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இந்தத் தண்ணீர்க் கதை அவ்வளவு சுவாரசியம்!

மாடல் ரயில் அமைப்பவர்களுக்கு மலை, மரம், வீடு எல்லாம் கைவந்துவிடும். ஆறுதான் தலைவலி. நிஜத் தண்ணீரையே ஊற்றிவிட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். ரயிலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கலாம். தண்ணீரைச் சுருக்க முடியாது. 4 மில்லிமீட்டர் துளி அந்தக் குட்டி உலகத்தில் 35 சென்டிமீட்டர் உருண்டை!

அதனால் முன்பெல்லாம் கண்ணாடித் துண்டு வைத்தார்கள், வண்ணம் பூசி வார்னிஷ் அடித்தார்கள். பிறகு ரெசின் வந்தது. கரையோரம் வெளிர் நிறம், நடுவில் கருமை. ஆழம் என்று நாம் நம்புவது வெறும் பெயிண்ட்தான்.

2001-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மினியேச்சர் வுண்டர்லேண்ட் திறக்கப்பட்டது. 2005-ல் ஸ்காண்டிநேவியா பகுதியைச் சேர்த்தபோது, சுமார் 30,000 லிட்டர் நிஜத் தண்ணீரை நிரப்பிவிட்டார்கள். காரணம், கப்பல்கள். ரெசின் கடலில் கப்பல் நிற்கலாம், நகர முடியாதே!

எனக்கென்னவோ அவர்கள் செய்தது சரி என்றே படுகிறது. அலை கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் தெரியட்டும், கப்பல் போகிறதல்லவா?