விண்ணில் ஒரு விரிசல் – 7
புயல்மேல் விழுந்த பழி

1953 மே 2, மாலை. கல்கத்தா டம்டம்மிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய, பிரிட்டிஷ் நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யின் கோமெட் ஜெட் விமானம், ஆறே நிமிடத்தில் இடிமழையில் சிக்கி ஜகல்கோரி கிராமத்தருகே சிதறி விழுந்தது. 43 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவைக்கு அன்றுதான் ஒரு வயது நிறைந்திருந்தது.

காற்றின் மூர்க்கம், அல்லது அதைச் சமாளிக்க விமானி அளவுமீறி விசையை இழுத்தது: இந்திய விசாரணை மன்றம் சொன்ன காரணம் இது. குறை சொல்ல முடியாது. புயலை ஊரே பார்த்தது. உலோகம் பட்ட பாட்டைச் சொல்லத்தான் விமானத்துக்குள் எதுவும் இல்லை.

1954 ஜனவரியில் எல்பா தீவருகே ஒன்று, ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று. இரண்டு கோமெட்கள் கடலில் விழுந்தன. இம்முறை பழிபோடப் புயலும் இல்லை.

இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இதற்குக் காரணம் தேடிய ஆர்னால்ட் ஹாலின் குழு, ஒரு முழு கோமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கியது. காற்றை அடைத்துச் சோதித்தால் உடைகையில் குண்டாக வெடிக்கும், அதனால்தான் தண்ணீர். ஏற்கெனவே 1,221 முறை பறந்த விமானம் அது. தொட்டிக்குள் மேலும் 1,836 'பயணங்கள்' அழுத்தம் ஏற்றி இறக்கியதும் கூடு கிழிந்தது. மேலே ஒட்டியிருந்த, உலோகம் இழுபடுவதை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ்கள், ஜன்னல் மூலையில் எதிர்பார்த்ததைவிடக் கடுமையான இறுக்கத்தைக் காட்டின. ஆனால் அவை தொட்டியில் இருந்தன, வானத்தில் அல்ல.

நிட்டிங் மிஷினில் நூல் அறுந்தால் விளக்கு எரிந்து மிஷின் தானே நிற்பது தாராபுரம், திருப்பூர் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பறக்கிற விமானத்தை நிறுத்த முடியாதே! அறுவதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும்.

பல பத்தாண்டு கழித்து, பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகத்தார் நிஷாந்த் ஆளில்லா விமானத்தின் வால் தண்டில் கண்ணாடி இழை உணரிகளைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். இழைக்குள் புற ஊதா ஒளியால் நுண்வரிகள் பதித்திருக்கும். இழையில் செலுத்தும் ஒளியில் ஒரே ஓர் அலைநீளத்தை மட்டும் அவை திருப்பியனுப்பும். தண்டு இழுபட்டால் அந்த அலைநீளம் நகரும்.

இந்த வகை இழையில் ஒரு வில்லங்கம் உண்டு. சூடு ஏறினாலும் அதே அலைநீளம் நகரும். ஒரு டிகிரி ஏறினால், மீட்டருக்கு ஏறத்தாழ எட்டு மைக்ரான் இழுத்தது போலக் காட்டும்.

திரையில் கோடு எகிறுகிறது. தண்டு முறியப்போகிறதா, வெயில் ஏறுகிறதா?

இதற்கு விடையாகப் பொறியாளர்கள் கொண்டுவந்தது இன்னோர் இழை. அதை வேண்டுமென்றே தண்டில் ஒட்டாமல் விட்டார்கள். எதற்காக?

(அடுத்த வாரம்)