உளு

பச்சைப்பயறு டப்பாவில் வண்டு ஊர்ந்தால் ‘பூச்சி பிடிச்சிருச்சு’ என்கிறோம், அது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதுபோல. ‘உளு’ என்ற பழஞ்சொல் நடப்பதைச் சரியாகச் சொல்கிறது: உள்ளிருந்து துளைத்துத் தின்னும் புழு அது; அது தின்று பொடியாக்கியது ‘உளுத்தது’. (உளுந்துக்கும் இதற்கும் உறவில்லை, உளுந்தின் பழைய வடிவம் உழுந்து.) இன்று அந்த வினை ‘உளுத்துப்போன கருத்து’ என்று மேடைப் பேச்சில்தான் அதிகம் கேட்கிறது. உளுப்பது மரம்தானே என்று கேட்கலாம். மரத்தைத் துளைப்பவற்றிலும் பல, வண்டின் புழுக்களே. சிறு துளையும் உதிரும் மாவும் இரண்டிலும் ஒன்றுதான். அந்து என்போமா என்றால், அது நெல்லில் வரும் சிறகுப்பூச்சி, வண்டு அல்ல. பயறு வண்டு மணியின் தோல்மேல் வெள்ளைப் புள்ளியாக முட்டையை ஒட்டுகிறது. பொரிந்து வந்த புழு நேரே உள்ளே துளைத்து, அங்கேயே தின்று வளர்ந்து, வண்டாகி வட்டத் துளை வழியே வெளியேறுகிறது. நாம் பார்க்கும் வண்டு தின்று முடித்தது; தின்னும் புழு உள்ளேதான் இருக்கிறது. அதனால்தான் சலித்துப் புடைத்த பயறிலும் சில வாரங்களில் மறுபடி வண்டு வருகிறது. கடும் வெயிலில் காயவைத்தாலோ ஃப்ரீசரில் சில நாள் வைத்தாலோ உள்ளிருக்கும் உளுவும் பெரும்பாலும் சாகும். முன்கூட்டியே எண்ணெய் தடவி வைத்த பயறில் முட்டை பிழைப்பதே அரிது.